பழைய மார்க், ஷில்லிங், கில்டர்: யூரோவாக மாற்றுவதும் மதிப்பறிவதும்

யூரோவுக்கு முந்தைய ஐரோப்பியப் பணம் கைக்கு வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: எந்த நாட்டுப் பணம், நோட்டா நாணயமா. இந்த இரண்டும்தான் அது இன்னும் பணமா, வெறும் சேகரிப்புப் பொருளா என்பதைத் தீர்மானிக்கின்றன. 10,000 பெசெட்டா நோட்டுக்கு ஒரு காலத்தில் 60.10 யூரோ கிடைத்தது. ஸ்பெயின் 2021 ஜூன் 30-இல் கதவை மூடிவிட்டதால் இன்று வங்கியில் அதற்கு ஒரு சென்ட்டும் கிடைக்காது.

காலக்கெடு இல்லாமல் நோட்டு, நாணயம் இரண்டையும் மாற்றித் தரும் நாடுகள்: ஜெர்மனி, ஆஸ்திரியா, அயர்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா. பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஸ்லோவேனியா, ஸ்லோவாக்கியா, குரோஷியா ஆகியவற்றில் நோட்டுக்கு மட்டுமே காலக்கெடு இல்லை. நாணயத்துக்கான காலம் முடிந்துவிட்டது. நெதர்லாந்தில் கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரை அவகாசம் உண்டு, நாணயத்துக்கு இல்லை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், பின்லாந்து, சைப்ரஸ், மால்டா ஆகிய எட்டிலும் எல்லாம் முடிந்துவிட்டது.

விதிவிலக்கையும் கவனியுங்கள். ஆஸ்திரியாவில் ஓட்டோ வாக்னர் படம் போட்ட 500 ஷில்லிங்கும் ஷ்ரோடிங்கர் படம் போட்ட 1,000 ஷில்லிங்கும் 2018 ஏப்ரல் 20-உடன் காலாவதியாகிவிட்டன. மோட்சார்ட் படம் போட்ட 5,000 ஷில்லிங் இன்னும் 363.36 யூரோ.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறுவதும் நிறைய. 'மார்க்' என்றிருந்தாலே மாற்ற முடியும் என்று நினைக்காதீர்கள். நோட்டில் 'டாய்ச்சே புண்டெஸ்பாங்க்' (ஜெர்மனியின் மத்திய வங்கி) என்று அச்சிட்டிருந்தால் மாற்றலாம். 'ஸ்டாட்ஸ்பாங்க் டெர் டேடேஆர்' என்றிருந்தால் அது கிழக்கு ஜெர்மனியின் மார்க். கார்ல் மார்க்ஸ் படம் போட்ட 100 அந்த வகைதான், அதை மாற்ற முடியாது. அதேபோல வட அயர்லாந்து வங்கிகளின் பவுண்டு நோட்டு பிரிட்டிஷ் பணம். அயர்லாந்து மத்திய வங்கிக்கு அனுப்பினால் பயனில்லை.

கணக்கு எளிது: தொகையை நிலையான விகிதத்தால் வகுத்து, கடைசியில் மட்டும் சென்ட்டுக்கு முழுமையாக்குங்கள். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், 13.7603 ஷில்லிங், 2.20371 கில்டர், 40.3399 பெல்ஜிய அல்லது லக்ஸம்பர்க் பிராங்க், 0.787564 ஐரிஷ் பவுண்டு. சந்தை நிலவரத்துக்கு ஏற்ப இவை மாறுவதில்லை. விகிதத்தைச் சுருக்குவதுதான் பலர் செய்யும் பிழை. 1,000 மார்க்கை இரண்டால் வகுத்தால் 500 வரும். சரியான தொகை 511.29 யூரோ. ஐரிஷ் பவுண்டில் விகிதம் ஒன்றுக்குக் கீழே என்பதால் யூரோ தொகை கூடும்: 20 பவுண்டு என்றால் 25.39 யூரோ. குறைந்து வந்தால் வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறீர்கள்.

ஆனால் மாற்றத்தக்க பணத்துக்கு இந்தத் தொகை அடிமட்ட விலைதான். அனுப்புவதற்கு முன் நாணயங்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். 5 மார்க் நாணயம் நல்ல உதாரணம். 1974 வரை அடித்தவை 62.5 சதவீத வெள்ளி, எடை 11.2 கிராம், அதில் 7 கிராம் சுத்த வெள்ளி. வங்கி தருவது 2.56 யூரோ மட்டுமே, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை அதைவிட எவ்வளவோ மேல். 1975 முதல் வந்த சாதாரணப் புழக்க நாணயங்களில் வெள்ளி இல்லை. ஆண்டு தேய்ந்திருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள்: நிக்கல் உள்ளீடு கொண்ட பிந்தைய நாணயம் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

ஆண்டும் நாணயத்தை அடித்த சாலையைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தும் விலையை ஏற்றும். 1950 ஆண்டும் 'ஜி' (G) எழுத்தும் கொண்ட 50 பெனிக் (அரை மார்க்) நாணயத்தில் 'பாங்க் டாய்ச்சர் லெண்டர்' என்ற பழைய வாசகம் இருந்தால், அது சுமார் 30,000 மட்டுமே அடிக்கப்பட்ட அரிய நாணயம். வங்கியில் அதற்கு 26 சென்ட். சேகரிப்பாளரிடம் பல நூறு யூரோ. இதற்குப் போலிகளும் உண்டு என்பதால் ஆண்டின் கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நிபுணரிடம் உறுதி செய்த பிறகே விலை பேசுங்கள். நாணயத்தைத் தேய்த்துக் கழுவவே கூடாது. மெருகேற்றிய நாணயம் பளபளக்கும், ஆனால் சேகரிப்பாளர் பார்வையில் அது கெட்டுப்போன நாணயம்.

காலாவதியான நாட்டுப் பணத்துக்கு மடிப்பில்லாத நிலையும் அரிதான தன்மையுமே விலையைத் தரும். ரஃபேல் படம் போட்ட இத்தாலியின் 5,00,000 லிரா நோட்டைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். எளிதில் கிடைக்கும், மொண்டசோரி படம் போட்ட 1,000 லிரா நோட்டு கசங்கியிருந்தால் வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

மாற்றும் வேலையை அந்தந்த நாட்டு மத்திய வங்கிதான் செய்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி செய்வதில்லை. மார்க்கை புண்டெஸ்பாங்க் கிளையில் நேரில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. தபாலில் என்றால் வங்கியின் தளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி, பணம் வர வேண்டிய கணக்கு எண்ணைப் பிழையின்றி எழுதுங்கள். ஒவ்வொரு நோட்டின் வரிசை எண்ணையும் குறித்துப் படம் எடுத்து வைத்த பிறகே உறையை ஒட்டுங்கள்: வழியில் தொலைந்தால் நட்டம் அனுப்பியவருக்கே. கிழிந்த நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் மாற்றலாம். துண்டுகளைப் பசை நாடா போட்டு ஒட்டாமல், எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்தே அனுப்புங்கள்.