அவிசுவாசத்தோடு போராடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். அவருடைய மகனைச் சிறுவயது முதல் அசுத்த ஆவி தீயிலும் தண்ணீரிலும் தள்ளிக்கொண்டிருந்தது. சீஷர்களாலும் முடியவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அவர் கண்ணீரோடே சத்தமிடுகிறார். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவரை அனுப்பிவிடவில்லை. மகன் அன்றே குணமானான்.

இந்தத் தகப்பன் சரியாகச் செய்ததைத்தான் நம்மில் பலர் செய்யத் தவறுகிறோம். சந்தேகத்தை மறைத்துவிடுகிறோம். சபையில் யாராவது விசாரித்தால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்ற பதில் தயாராக இருக்கிறது. உள்ளே ஜெபம் வறண்டு மாதக்கணக்காகியிருக்கும். யோவான்ஸ்நானன் அப்படி மறைக்கவில்லை. சிறையிலிருந்தபடியே "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று இயேசுவிடமே ஆள் அனுப்பிக் கேட்டார். குருடர் பார்வையடைவதையும் தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்று இயேசு பதில் அனுப்பினார். வந்தவர்கள் திரும்பியதும், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் சொன்னார். கேள்வி கேட்ட அதே நாளில் கிடைத்த பாராட்டு அது!

இன்னொரு தவறு, நம் விசுவாசத்தையே ஓயாமல் அளந்துகொண்டிருப்பது. போதுமா, இன்னும் கூட வேண்டுமா என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் வளரும். கடுகளவு போதும் என்றார் இயேசு. யார்மேல் வைத்த விசுவாசம் என்பதே காரியம். விசுவாசம் கேள்வியினாலே, அதாவது தேவவசனத்தைக் கேட்பதினாலே, வரும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். ஆகவே நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எடுத்து, இயேசு மனிதர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று நிதானமாக வாசியுங்கள். அவரை அறிய அறிய நம்பிக்கை தானே வேர்பிடிக்கும்.

நம் ஊர் சபைகளில் அதிகம் காயப்படுத்துவது வாக்குத்தத்தத்தைத் தனி வசனமாகப் பிய்த்தெடுக்கும் பழக்கம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டை ஒன்றை எடுக்கிறோம். எரேமியா 29:11 வருகிறது: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷமே வேலை கிடைக்கும், கல்யாணம் முடியும் என்று எடுத்துக்கொள்கிறோம். டிசம்பர் வந்தும் எதுவும் நடக்காதபோது, தேவன் பொய் சொன்னார் என்று மனம் கசக்கிறது. முந்தின வசனத்தையும் படித்திருக்க வேண்டும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம். அங்கே சொல்லப்பட்ட காலம் 70 வருஷம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவன் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. தேவன் சொல்லாத காலக்கெடுவை நாமே வைத்துவிட்டு, அது தவறும்போது அவரைச் சந்தேகிப்பது நியாயமல்ல.

வியாதிப்பட்டவரிடம் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்வதை அடியோடு விட்டுவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்பது ஆபத்தான உபதேசம். தம் மாம்சத்தில் ஒரு முள்போல வாட்டிய உபத்திரவத்தை எடுக்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. தம்மோடு பயணம்செய்த துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை.

உணர்ச்சி இல்லாததை அவிசுவாசம் என்று எண்ணுவதும் தவறு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தையே உணராமல் அவர் வேதனைப்பட்டது உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அவர் ஜெபத்தையும் விடவில்லை, கொல்கத்தாவின் ஏழைகளையும் விடவில்லை.

கடைசியாக, சந்தேகம் வந்ததும் சபையை விட்டு ஒதுங்காதீர்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைத் தோமா நம்ப மறுத்த பின்பும் எட்டு நாள் கழித்து மற்ற சீஷர்களோடே வீட்டுக்குள் இருந்தார். அவர்களும் அவரைத் தள்ளிவிடவில்லை. இயேசு அங்கேதான் வந்து தம் காயங்களைக் காட்டினார். உங்கள் போதகரோ மூத்த விசுவாசியோ, பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் இந்த வாரமே மனம்விட்டுப் பேசுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது.