அறிபுனை ஆண்டுக் கணக்கு: எங்கெல்லாம் தவறுகிறோம்

டிசம்பர் வந்துவிட்டால் 'இந்த ஆண்டின் அறிபுனை (அறிவியல் புனைகதை) நூல்கள்' என்ற பட்டியல்களும் வரத் தொடங்கிவிடும். நானும் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். எழுதி முடித்தபின் திருத்த வேண்டிவந்த இடங்கள் பெரும்பாலும் தேதி சம்பந்தப்பட்டவைதான். ஒரு புத்தகம் வெளிவந்த ஆண்டு வேறு, அது பேசப்பட்ட ஆண்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாக வந்து சேர்ந்துவிடும்.

சமந்தா ஹார்வியின் விண்வெளி நாவல் 'ஆர்பிட்டல்' 2024இல் புக்கர் பரிசு பெற்றது. அதனால் அதை 2024ஆம் ஆண்டு நூல் என்று எழுதிவிடுகிறார்கள். அது கடைக்கு வந்தது 2023 நவம்பரில். புக்கரின் கணக்கு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. நாட்காட்டியோடு அது ஒத்துப்போகாது.

மொழிபெயர்ப்பு என்றால் இன்னும் சிக்கல். லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' 2006இல் சீன இதழ் ஒன்றில் தொடராக வந்தது, 2008இல் நூலானது, 2014இல் ஆங்கிலத்துக்கு வந்தது, 2015இல் அறிபுனைக்கான ஹ்யூகோ விருது பெற்றது. பிறமொழிப் படைப்பு ஆங்கிலத்தில் முதன்முதலாக வரும் ஆண்டையும் ஹ்யூகோ விதி கணக்கில் எடுத்துக்கொள்வதால்தான் அது சாத்தியமானது. அதற்காக அந்த நாவலை 2014இன் சிந்தனை என்று எழுதினால், அதைச் சீன வாசகர்கள் எட்டாண்டுகளுக்கு முன்பே படித்துப் பேசியது மறைந்துபோகிறது. மூல ஆண்டு, மொழிபெயர்ப்பு ஆண்டு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இதற்கெல்லாம் புத்தகத்தைத் திறந்து தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பார்ப்பதுதான் வழி. முதற்பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு, மூல மொழியில் என்ன பெயர் என்பதெல்லாம் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். சிறுகதைத் தொகுப்பாக இருந்தால் எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்ற விவரத்தையும் தேடுங்கள், சில சமயம் அது கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். 'புதிய தொகுப்பு' என்று பாராட்டப்பட்ட நூலில் முக்கால்வாசிக் கதைகள் பத்தாண்டுப் பழையவை என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இணையக் கடையில் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அந்தப் பதிப்பின் தேதி.

அடுத்தது, விருதுப் பட்டியலை வைத்தே ஆண்டை எழுதிவிடுவது. ஓர் ஆண்டில் தரப்படும் ஹ்யூகோ அதற்கு முந்தைய ஆண்டின் படைப்புகளுக்கானது. அப்புறம், பட்டியலே எப்போதும் முழு உண்மையைச் சொல்லும் என்றும் இல்லை. 2023இல் சீனாவின் செங்டு நகரில் வழங்கப்பட்ட ஹ்யூகோவின் பரிந்துரை விவரங்கள் 2024 ஜனவரியில்தான் வெளியாகின. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் போதிய ஆதரவு இருந்தும் காரணம் சொல்லப்படாமல் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது அப்போதுதான் தெரிந்தது. அதே நாவல் இந்தத் துறையின் இன்னொரு பெரிய விருதான நெபுலாவைப் பெற்றிருந்தது. இறுதிப் பட்டியலை மட்டும் பார்த்து அந்த ஆண்டை எழுதியவர்கள் அதை எப்படிச் சேர்த்திருக்க முடியும்?

நாவலை மட்டும் பார்ப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அமெரிக்கத் தொகுப்பாசிரியர் கார்ட்னர் டோஸ்வா 1984 முதல் 2018 வரை ஆண்டுக்கு ஒன்றாக 35 அறிபுனைச் சிறுகதைத் தொகுப்புகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அந்த ஆண்டைப் பற்றி நீண்ட கட்டுரை இருக்கும். எந்த இதழ் தொடங்கியது, எது நின்றது, யார் எங்கே ஆசிரியரானார் என்று பொறுமையாக எழுதுவார். இந்தத் துறையில் மாற்றம் முதலில் தெரிவது இதழ்களில்தான். 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிபுனை இதழ் கதைகள் பெறுவதையே நிறுத்திவைத்தது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததுதான் காரணம். புது எழுத்தாளர்கள் உள்ளே வரும் வாசல் இப்படிப்பட்ட இதழ்கள்தான். நாவல்களை மட்டும் கணக்கெடுத்தவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது. குறுநாவலும் அப்படித்தான் விடுபடுகிறது. ஹ்யூகோ கணக்கில் 17,500 முதல் 40,000 சொற்கள் வரை உள்ளது குறுநாவல். ஒல்லியாக இருப்பதால் பெரிய நாவல்களின் நடுவே காணாமல் போகும்.

படிக்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை படித்தீர்கள் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பதினைந்து என்றால் பதினைந்து.

சரி, வரப்போகும் ஆண்டைப் பற்றி எழுதும்போது? பதிப்பகம் அறிவித்துவிட்டால் நூல் வந்துவிட்டது போலவே எழுதிவிடுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எல்லிசன் 1970களின் தொடக்கத்தில் அறிவித்த 'தி லாஸ்ட் டேஞ்சரஸ் விஷன்ஸ்' தொகுப்பு வெளிவந்தது 2024இல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து. இவ்வளவு தாமதம் அபூர்வம்தான், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போவது சாதாரணம். 'வருகிறது' என்பதற்குப் பதில் 'அறிவித்திருக்கிறார்கள்' என்று எழுதினால் போதும்.

'அடுத்த ஆண்டு காலநிலைக் கதைகளின் ஆண்டு' போன்ற ஆரூடங்களும் வேண்டாம். கைப்பிரதியைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டபின் நூல் கடைக்கு வர ஓராண்டு, இரண்டாண்டு ஆவது வழக்கம். நாளை வரும் நூல்களில் தெரிவது நேற்றைய முடிவுகள். வாசகர்களின் காலமோ இன்னும் நீளம். அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் தி சோயர்' நாவல் 1993இல் வந்தது. கதை தொடங்குவது 2024 ஜூலையில். அது நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020இல், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே உங்கள் ஆண்டுக் கட்டுரையில் பழைய நூல் ஒன்றிரண்டுக்கு இடம் விடுங்கள். ஐந்தாண்டுக்கு முன் நீங்களே போட்ட பட்டியலை எடுத்து, அதில் எது இன்னும் நிற்கிறது என்றும் எழுதுங்கள். வாசகருக்கு ஆரூடத்தைவிட அது பயன்படும்.

நான் இப்போது பட்டியலை டிசம்பரில் முடிப்பதில்லை. பிப்ரவரி வரை காத்திருக்கிறேன். நவம்பரில் வந்து எல்லாப் பட்டியல்களிலும் விடுபட்டுப்போகும் நூலைப் படிக்க அந்த இரண்டு மாதம் வேண்டியிருக்கிறது. 'ஆர்பிட்டல்' வந்ததும் ஒரு நவம்பரில்தான்.