பேராதனைப் பூங்கா: சீட்டுக் கவுண்டருக்குப் போகும் முன்

கண்டிக்கு அருகே உள்ள பேராதனைத் தாவரவியல் பூங்கா வாசலில் சீட்டுக்கு இரண்டு விலை இருக்கும்: உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வந்திருக்கும் நீங்கள் எந்த விலையில் வாங்குவது என்பதை, வாகனத்தில் இருந்து இறங்கும் முன்பே முடிவெடுங்கள். பன்னிரண்டு சொந்தக்காரர் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்க, கவுண்டரில் வைத்துத் தீர்க்கிற விஷயமல்ல அது.

வேறு நாட்டின் குடியுரிமையை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே அற்றுப்போகிறது. விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே, அம்மா இத்தனை வருடமாக அலுமாரிக்குள் பொத்திவைத்திருந்த பழைய அடையாள அட்டையைக் கொண்டுபோகாதீர்கள். படத்தில் இருப்பது நீங்கள்தான். ஆனால் அந்த அட்டைக்குரிய உரிமை, மற்ற நாட்டின் குடியுரிமைக்குச் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே போய்விட்டது. கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதும் உதவாது. கவுண்டரில் பார்ப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைத்தான்.

"நான் கதைச்சுப் பாக்கிறன், நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்று மச்சான் முன்னுக்குப் போவார். தடுத்துவிடுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாய். அதற்காக உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் பொய் சொல்லி, பேச்சு வாங்கி, தலைகுனிந்து திரும்புகிறவர் அவர்தான். நீங்கள் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள். உறவுக்காரரின் சீட்டுக் காசை முதல்நாளே பெரியப்பாவின் கையில் கொடுத்து, அவர்களுடையதை அவரே வாங்கட்டும். நீங்கள் கடவுச்சீட்டோடு தனியாக வாங்குங்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ செல்லுபடியான அடையாள அட்டையையோ கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். பெற்றோரின் இரட்டைக் குடியுரிமை பிள்ளைகளுக்குத் தானாக வராது. அவர்களைத் தனியாகப் பதியாவிட்டால் அவர்கள் வெளிநாட்டவரே.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று எண்ணாதீர்கள். ஏ9 வீதி கண்டிவரை 321 கிலோமீற்றர். முதல் இரவு கண்டியில் தங்கி, காலையில் கொழும்பு வீதியால் ஐந்தரை கிலோமீற்றர் போனால் பூங்கா வரும். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை பிடித்துவிடும். வெள்ளனப் போவது நல்லது.

உள்ளே 147 ஏக்கர். மகாவலி ஆறு வளைந்தோடிச் சுற்றியிருப்பதால், போன தூரத்தைத் திரும்பியும் நடக்கவேண்டும். கால் சோராதபோதே தூரத்தில் உள்ள தொங்கு பாலத்துக்குப் போய்விடுங்கள். அதில் ஒரேநேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள்; பிந்தினால் வெயிலில் வரிசை. முழங்கால் நோகிற பெரியவர்களைப் பெரிய புல்வெளியில் குடைபோல் படர்ந்து நிற்கும் அத்திக்கு அருகே இருத்துங்கள். சோற்றுப் பார்சலை அவர்களின் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். வௌவால்கள் தொங்கும் மரங்களுக்குக் கீழே தொப்பி தேவை.

சீஷெல்ஸின் இரட்டைத் தேங்காயைத் தவறவிடாதீர்கள். உலகிலேயே பாரமான விதை அதுதான். ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் செல்லும். 1901இல் பிரித்தானிய இளவரசராக வந்து, பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரமும் நிற்கிறது. அதன் பாரமான காய்களுக்கு நேர்கீழே நிற்கவேண்டாம்.

பனைமரச் சாலை ஒன்றும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குப் பனையை முதன்முதலாக இங்கே வைத்துக் காட்டாதீர்கள். ஊர் வளவில், காவோலை விழுகிற சத்தத்தோடு காட்டிவிட்டு அதற்குப் பிறகு இங்கே கூட்டிவாருங்கள்.