காயலான் கடை ஆக்ஸில் வாங்கும் முன் இதை எண்ணுங்கள்

பழைய பிக்கப் வண்டியின் பின்பக்க ஆக்ஸிலை மாற்றப்போகிறவர்கள், நீளமும் போல்ட் துளையும் பொருந்தினால் போதும் என்று காசை நீட்டிவிடாதீர்கள். கிரவுன் பினியன் விகிதத்தை, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, கடையிலேயே பார்க்கலாம். ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க டிரம்மைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். அந்தத் தண்டு வந்து மாட்டும் வட்டத் தட்டான பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 4-ஐத் தாண்டிச் சற்றே வந்தால் 4.1 என்பதுபோல. உங்கள் வண்டியின் விகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இழுவையும் மைலேஜும் மாறும். நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூரில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. உப்புக்காற்று வேறு, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள், துரு பெயர்ந்து குழி விழுந்தால் அந்த ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) வேண்டாம்.

ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட் மட்டும் எப்போதும் புதிதாக வாங்குங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். மாற்றம் பெரிதென்றால், வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்; 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்குத்தான்.