ஏர் ரைபிளின் சின்னப் பாகங்கள்: எதில் தொடங்குவது?

10 மீட்டர் ஏர் ரைபிள் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டிரிகரில் கை வைப்பார்கள். அதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். கன்னம், தோள், கண் மூன்றும் ரைபிளோடு ஒத்துப்போவதுதான் முதல் வேலை. பெல்லட் (ரைபிளில் போடும் சின்னக் குண்டு) உள்ளே இல்லை என்று பார்த்து, ரைபிள் காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: பட் பிளேட் (தோளில் பதியும் பகுதி), சீக் பீஸ் (கன்னம் சாயும் பகுதி)

கண்ணை மூடியபடி ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்ததும் டயாப்டர் (கண்ணருகே உள்ள பின் குறிபார்வைக் கருவி) துளை நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டினால்தான் தெரிகிறதா? சீக் பீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். எடைக்கட்டிகள் சேர்த்தாலும் போட்டி விதிப்படி ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

படி 2: முன் வளையம்

ரைபிளின் முன் முனையில் இருக்கும் குறிபார்க்கும் வளையம் இது. இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். முன் வளையம் கண்ணிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டரில் இருந்தால், அந்தக் கறுப்பு அங்கே ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டராகத் தெரியும். 3 மில்லிமீட்டர் வளையம் போட்டால் சுற்றிலும் மயிரிழை வெள்ளைதான் மிஞ்சும். உடல் லேசாக ஆடினாலே அது மறைந்துவிடும். அதைத் தேடித் தேடிக் கண் களைக்கும், பிடித்திருக்கும் நேரம் நீளும், கை நடுங்கும். 3.8 அல்லது 4 போடுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வெள்ளை கிடைக்கும், கறுப்பு நடுவில் நிற்கிறதா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். சின்ன வளையம்தான் துல்லியம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆட்டம் குறைந்த பிறகு சிறியதற்குப் போகலாம்.

படி 3: ஐரிஸ்

டயாப்டர் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் பாகம்தான் ஐரிஸ். துளையை 1.0 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ரொம்பச் சுருக்கினால் இருட்டும், விரித்தால் முன் வளையம் மங்கும். வளையம் கூர்மையாகத் தெரியட்டும், இலக்கு சற்று மங்கலாக இருந்தால் பரவாயில்லை.

படி 4: பெல்லட்

எல்லாமே 4.5 மில்லிமீட்டர் காலிபர்தான் (குழலின் உள்விட்ட அளவு). ஆனால் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று மாறும். தட்டைத் தலை வகையையே எடுங்கள், காகிதத்தில் வட்டமாக வெட்டிய மாதிரி துளை விழும். ரேஞ்சில் ரைபிளை ஆடாமல் தாங்கி வைத்து, ஒவ்வோர் அளவிலும் ஐந்து ஐந்தாகத் தனித்தனி அட்டையில் சுடுங்கள். அடிப்பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள். துளைகள் எந்த அட்டையில் நெருக்கமாக விழுந்தனவோ, அந்த டப்பாவின் பேட்ச் எண்ணைக் குறித்து வைத்து, அப்புறம் அதையே வாங்குங்கள்.