குறைவாக அச்சான தபால்தலையை மதிப்பிடுவது எப்படி?
அச்சான எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தபால்தலைக்கு விலை பேசக் கூடாது. எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகளுள், 10 ரூபாய்த் தலையில் ‘சர்வீஸ்’ என மேலச்சிட்டு (அச்சான தலையின் மேல் கூடுதலாக ஒரு சொல்லை அச்சிட்டு) கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கு வழங்கப்பட்டவை 100 மட்டுமே. அவற்றில் நான்கு தலைகள் பிரிக்கப்படாமல் சேர்ந்திருந்த துண்டு 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. மேலச்சு இல்லாத அதே தலை அந்த விலையின் அருகில்கூட வராது. போலி மேலச்சுகள் உலவுவதற்கும் (வியப்பில்லை) இதுவே காரணம். முத்திரை விழுந்த தலையானால், உருப்பெருக்கியில் பாருங்கள்: மேலச்சின் மை அஞ்சல் முத்திரைக்கு மேலே படிந்திருந்தால், அது பின்னாளில் அடித்த போலி. பிறகு துளை விளிம்பையும் பின்புறப் பசையையும் சோதியுங்கள். நிபுணர் சான்றிதழ் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.