பிள்ளையின் பெயரிலுள்ள காணியை விற்பதானால்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாலு பரப்புக் காணியை நன்கொடையாக எழுதிவிட்டு, பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் சிக்கல் தெரியவருகிறது. தாயும் தகப்பனும் சேர்ந்து கையெழுத்து வைத்தாலும் அந்த விற்பனை சட்டப்படி நிலைக்காது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பராய வயதை (சட்டப்படி வளர்ந்தவராகும் வயதை) 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அந்த வயது வரும்வரை, விற்கவோ ஈடு வைக்கவோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அடையாள அட்டை 15 வயதிலேயே கிடைக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

முதலில் பழைய உறுதியை (நன்கொடைப் பத்திரத்தை) எடுத்து வாசியுங்கள். பிள்ளைக்காக யார் நன்கொடையை ஏற்றது? தாய்மாமனோ பாட்டனாரோ போல ஒருவர் ஏற்றுக் கையெழுத்திட்ட வரி இல்லாவிட்டால் நன்கொடையே செல்லாது என்ற வாதம் பின்னர் கிளம்பும். அடுத்து, பெற்றோர் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால் அங்கே குடியிருக்கலாம், தேங்காய் பறிக்கலாம், வாடகை எடுக்கலாம்; பிள்ளையின் உரித்தை விற்க மட்டும் அது உதவாது. ரத்துச் செய்யும் உரிமையை வைத்து எழுதியிருந்தால் வேலை சுலபம்: நொத்தாரிசை (உறுதி எழுதி அத்தாட்சி செய்பவரை) கொண்டு ரத்து உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதியலாம். ரத்துச் செய்ய முடியாத மீளா நன்கொடை என்றால் இந்த வழி அடைப்பு.

பிறகுதான் நீதிமன்றம். பிறப்புச் சான்றிதழ், உறுதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவின் பிரதி, பிளான், மதிப்பீட்டு அறிக்கை, பெற்றோரின் சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம்) ஆகியவற்றோடு சட்டத்தரணி மூலம் மனுப் போட வேண்டும். “குடும்பக் கடன் அடைக்க” என்று மட்டும் எழுதினால் காரணம் போதாது. இந்த விற்பனையால் பிள்ளைக்கு என்ன நன்மை என்பதையே நீதிபதி பார்ப்பார்; பணத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பிடவும் கட்டளையிடலாம். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். மனுவிலும் மதிப்பீட்டிலும் உறுதியிலும் விலை ஒத்திருக்க வேண்டும்.

காணி விபரத்தைப் பழைய உறுதியிலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதுங்கள். “கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்ற வரி மனுவில் விடுபட்டால் கட்டளையிலும் விடுபடும். வாங்கியவருக்கும் அயலவருக்கும் தண்ணீர்ச் சண்டை தொடங்கும்.

தகப்பன் கனடாவிலிருந்து அனுப்பிய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அவருடைய சொத்துக்குத்தான் செல்லும். பிள்ளையின் சொத்தை விற்க அவருக்கே அதிகாரம் இல்லாதபோது, அவருடைய முகவருக்கு எங்கிருந்து வரும்?

வாங்குபவரும் கவனிக்க வேண்டும். “18 வந்ததும் பிள்ளை கையெழுத்து வைப்பான்” என்ற வாக்கை நம்பி அச்சாரம் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு பிள்ளையைக் கட்டாது. அனுமதியில்லாமல் முடித்த உறுதியை எதிர்த்து அவனே வளர்ந்தபின் வழக்குப் போடலாம்.

பதினெட்டுக்குச் சில மாதங்களே இருந்தால் மனுச் செலவை விட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பிறந்தநாள் கழிந்தபின் பிள்ளையே நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைக்கலாம், தானாக விரும்பினால்.